பதினோரு கிலோ

சக்கரம் வெச்சது தரையில போகும், பட்டை வெச்சது முதுகுல போகும், அவ்வளவுதானுங்க்கா வித்தியாசம், உள்ள எல்லாம் ஒரே பஞ்சுதான் என்கிறார் யூனுஸ் பாய். சொல்லிவிட்டு இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார், பெண் பார்க்க வந்த வீட்டில் அக்காவையும் தங்கையையும் சேர்த்து நிறுத்தின மாதிரி. இடது பக்கம் முதுகுப்பை, சாம்பல் நிறம். வலது பக்கம் சக்கரப்பெட்டி, கறுப்பு. மணி மூன்றேகால். ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் வந்துவிடுவார், அதற்குள் ஏதாவது ஒன்றை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால்தான் இருதயராஜ் சாருக்குப் பதில் சொல்ல முடியும். முதுகுப்பை என்றால் திங்கட்கிழமை மலைக்கு வருகிறேன் சார். சக்கரப்பெட்டி என்றால் வரவில்லை சார். அதை நேராகவே முடிவு செய்ய வேண்டியதுதானே, பையை எதற்கு நடுவில் இழுக்கிறாய் வசுமதி என்று யாராவது கேட்கலாம். ஒரு வாரமாக என்னை நானே கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை. சரி, பையையாவது போய்ப் பார்ப்போம், கையில் எடுத்துப் பார்த்தால் ஏதாவது தெரியும் என்றுதான் வந்தேன். நூறடி ரோட்டில் இரண்டாவது மாடியில் இந்தக் கடை. ஜன்னலுக்கு நேரே மேம்பாலம், அதில் போகிற பஸ்காரர்களின் முகம் என் முகத்துக்குச் சமமான உயரத்தில் போகிறது. கடை முழுக்கப் புதுப் பஞ்சின் வாசனை. பழைய பை என் காலடியில் கிடக்கிறது, தைத்த இடத்தில் ஒரு பட்டை பிய்ந்து நூல் நூலாக. அதற்குள் இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், வளையப் பிளாஷ், பேட்டரிகள், மழைக்குப் போர்த்துகிற உறை, எல்லாம் சேர்த்துப் பதினோரு கிலோ. வீட்டிலிருந்து அதைத் தூக்கி வந்தது அவர். மாடிப்படி ஏறி இங்கே வைத்துவிட்டுப் போனதும் அவர்தான். நான் வெறுங்கையோடு பின்னால் ஏறி வந்தேன். வெறுங்கையோடு ஏறுவது ஒன்றும் சுலபமில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கேமரா தூக்கின உடம்பு, எடை இல்லாதபோது எங்கே சாய்வது என்று தெரியாமல் முன்னால் போய் விழப் பார்க்கிறது.

இடது கை. எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது, எந்தப் பக்கம் யோசித்தாலும். போன வருஷம் செப்டம்பரில் இடது மார்பில் இருந்த கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பதினேழு எடுத்தோம், நான்கில் இருந்தது என்றார் டாக்டர். எது இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் பதினேழுக்கு நான்கு என்று சொன்னார். அந்தக் கணுக்கள் இல்லாததால் கையில் ஊறுகிற நீர் வடிய வழி இல்லை, அதனால் கை வீங்கும். சில பேருக்கு வீங்கும், சில பேருக்கு வீங்காது என்றார்கள், நான் வீங்குகிற சில பேர். கைப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஷெரின் என்று ஒரு பெண், சிரித்த முகம், அவள்தான் சட்டம் போட்டாள். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, வளையல் இறுக்கமாக வேண்டாம், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளணும், நாலு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தோளில் பட்டை மட்டும் போடவே கூடாது மேடம், ஜென்மத்துக்கும். ஜென்மத்துக்கும் என்று அவள் சொன்னபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. இந்தப் பெண் எனக்கு ஒரு ஜென்மம் பாக்கி இருப்பதாக நினைக்கிறாள், கணக்கில் நான்கைச் சேர்க்காமல் பேசுகிறாள் என்று தோன்றியது. அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்ததும் அதே சொல் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. எத்தனை நாளோ அத்தனை நாளைக்கும் என்று. மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோல் நிறத்தில் ஒரு இறுக்கமான உறை போட்டிருக்கிறேன். யூனுஸ் பாய் அதைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறார். பதினைந்து வருஷப் பழக்கம், கேட்க மாட்டார். தலைமுடி திரும்பக் குட்டையாக முளைத்திருப்பதையும் பார்த்திருப்பார். வந்ததும் இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்தார், அதுதான் அவருடைய விசாரிப்பு. நான் டீயை வலது கையில் வாங்கினேன். இப்போது எல்லாமே வலது கைதான். அந்தக் கையும் ஒருநாள் என்னைப் பார்த்து, இத்தனை வேலையையும் நான் ஒருத்தியே செய்யணுமா என்று கேட்கும்.

டிராலிய உருட்டிப் பாருங்க்கா என்கிறார். கைப்பிடியை இழுத்து நீட்டித் தருகிறார். டைல்ஸ் தரையில் அது போகிறது, நாலு சக்கரம், எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம், நாய்க்குட்டி மாதிரி கூடவே வருகிறது. திறந்து காட்டுகிறார். உள்ளே சின்னச் சின்ன அறைகள், பஞ்சுத் தடுப்பை எடுத்து எடுத்து மாற்றி ஒட்டலாம், மேலே பூட்டு. விமானத்துல போறவங்க, கல்யாண மண்டபத்துக்குப் போறவங்க, கம்பெனி வேலைக்குப் போறவங்க எல்லாரும் இப்ப இதுதானுங்க்கா, முதுகுல போட்டு யாரும் சாகறதில்ல என்கிறார். சொல்லிவிட்டு சாகறது என்ற சொல்லைத் திரும்ப எடுக்க முடியாமல் பெட்டியின் ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடுகிறார். பாவம். எனக்கு ஒன்றுமில்லை பாய். அந்தச் சொல் இப்போது வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை, டிவியில் வந்தால்கூட அவர் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார், அதனால் உங்கள் வாயிலிருந்து கேட்டது நன்றாகத்தான் இருந்தது. உருட்டிக்கொண்டே ஜன்னல்வரை போய்த் திரும்புகிறேன். இதை எடுத்தால் திருப்பூர். பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுக்கிற வேலை இரண்டு இடத்தில் தயாராக இருக்கிறது. வெள்ளை மேஜை, மேலே இரண்டு விளக்கு, மேஜைமேல் ஒரு குழந்தைச் சட்டை, கையை விரித்து வைத்து ஒரு படம், மடித்து வைத்து ஒரு படம், அடுத்தது. நீலம், அடுத்தது. ரோஸ், அடுத்தது. லிப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு அங்கேயே. சக்கரம் வாசலிலிருந்து மேஜைவரை ஒரு இடத்தில்கூடத் தட்டாது. சோறு போடுகிற வேலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் குழந்தைச் சட்டைக்குள் குழந்தை இல்லை. நாள் முழுக்க அந்த ஆளில்லாத சட்டைகளைக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது மெஷினுக்குள் கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வைப்பார்களே, அப்போது எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வந்தது. கையை விரித்து வைத்து ஒரு படம். அடுத்தது.

மலையில் வேலை புல். வால்பாறைக்கு மேலே தேயிலை முடிந்து, காடும் முடிந்து, அதற்கும் மேலே புல் மட்டுமே இருக்கிற சரிவுகள். இருதயராஜ் சார் கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தந்தவர், அந்தச் சரிவில் மட்டும் எண்பத்துநான்கு வகைப் புல் இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் பூக்கும்போது படம் எடுத்துப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தார். அதுவரை நான் கல்யாணம், காதுகுத்து, பம்ப்செட் கம்பெனி காட்டலாக். புல்லுக்குப் பூ உண்டா சார் என்று கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எள்ளைவிடச் சின்னது, அதைப் பிரித்துக்கொண்டு ஊதா நிறத்தில் மகரந்தப் பை தொங்கும், காலையில் இரண்டு மணி நேரம், வெயில் ஏறினால் வாடிவிடும். படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் மூச்சு பட்டால் ஆடும். புல்லைப் படம் எடுக்கப் போறாளாம், மாடாவது மேய்ச்சாப் பால் கிடைக்கும் என்று நாத்தனார் சொன்னாள். சொல்லட்டும். எழுபத்தொன்று எடுத்துவிட்டேன். பாக்கி பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றும் உச்சிச் சரிவில், நவம்பரில் மட்டும் பூக்கிறவை. போன நவம்பரில் நான் கீமோ ஊசி போட்டுக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின நவம்பரில் மழை விடவே இல்லை. அடுத்த நவம்பர் என்று ஒன்று. அதை நான் நினைக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் மனம் ஒரு படி இறங்கி வேறு எதையாவது பிடித்துக்கொள்கிறது, பெட்டியின் சக்கரம், டீ கிளாஸின் அடியில் தங்கிய இஞ்சி, மேம்பாலத்தில் போகிற பஸ். கடைசி எஸ்டேட் ரோட்டிலிருந்து முகாம் கொட்டகைவரை ஒன்பது கிலோமீட்டர் நடை. அங்கே சக்கரம் என்ற சாமானுக்கு அர்த்தமே கிடையாது.

இந்த செப்டம்பரில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, ரேடியேஷன் முடிந்து ஐந்து மாதம், கை கொஞ்சம்தான் வீங்கியிருந்தது, நானேதான் போனேன். வனக்காவலர் ஒருத்தர் என் பையைத் தூக்கிக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் மலைக்காரர் நடை, நான் ஒரு வளைவு ஏறுவதற்குள் அவர் மூன்று வளைவு தாண்டிவிடுவார். மூடுபனி ஒரு தடவை விலகியது. என் காலடியிலேயே ஒரு கதிர், நாங்கள் நாலு வருஷமாகத் தேடினது, முழுக்கப் பூத்து, ஒளி அதன்மேல் மட்டும் விழுந்துகொண்டு. என் கேமரா அரை கிலோமீட்டர் தள்ளி மேலே போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. ஆறு நிமிஷம் இருந்தது அந்த ஒளி, நான் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் மூடிவிட்டது. அதற்கு மேல் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் முதுகில் போட்டுக்கொண்டேன், வலது தோளில் மட்டும் மாட்டலாம் என்று ஆரம்பித்து, சரிவில் கால் நிற்காமல், கடைசியில் இரண்டு தோளிலும். அதே புல்லை இன்னொரு சரிவில் கண்டுபிடித்து எடுத்ததுதான் எழுபத்தொன்றாவது. அன்றைக்கே இடது மணிக்கட்டில் உறைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு கீறல். கத்தியில்லை, முள்ளில்லை, புல்தான் அறுத்தது, அதன் விளிம்பு அப்படி. மறுநாள் கை சிவந்து, தோள்வரை நெருப்பாகி, காய்ச்சலில் பல்லோடு பல் அடித்துக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். நாலு நாள் ஆஸ்பத்திரி. அவர் நாலு நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு, ஒரு மோட்டாரைக் காதில் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த நாலு நாளும் என் மூச்சை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, நீ இருந்தாப் போதும் வசு, புல்லு எங்கியும் போகாது என்றார். புல் எங்கேயும் போகாது என்பது உண்மைதான், நான்தான் போகப்போகிறவள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. நல்லமுத்து என்று பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள்.

இத மாட்டிப் பாருங்க்கா என்று யூனுஸ் பாய் முதுகுப்பையை நிமிர்த்துகிறார். பழைய பையிலிருந்து என் சாமான் எல்லாவற்றையும் எடுத்து இதற்குள் அடுக்கிவிட்டார், பதினோரு கிலோவும். இதில் இடுப்புப் பட்டை பெரிசு, ஒரு விரற்கடை தடிமன், எடை முக்கால்வாசி இடுப்புக்குப் போய்விடும், தோளில் சும்மா சாத்தி வைத்த மாதிரிதான் இருக்கும் என்கிறார். பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்கிறார், நான் கையை நுழைக்கிறேன். இடுப்பில் கிளிக் என்று பூட்டுகிறது. எடை எங்கே போனது. உண்மையிலேயே தோளில் இல்லை. இடுப்பெலும்பில் உட்கார்ந்திருக்கிறது, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்ட மாதிரி. இரண்டடி நடக்கிறேன், நாலடி, ஜன்னல்வரை. கதவைத் திறந்து வெளியே போய் மாடிப்படி ஏறுகிறேன், மூன்றாவது மாடி, நாலாவது, மொட்டைமாடிக் கதவுவரை. மூச்சு வாங்குகிறது, ஆனால் கை சும்மா இருக்கிறது. இடது கை கோபித்துக்கொள்ளவே இல்லை. உடம்பு தன் பழைய சாய்வைக் கண்டுபிடித்துவிட்டது, கால் தானாக அளந்து வைக்கிறது. கீழே நகரம் அதன் இஷ்டத்துக்கு இரைகிறது, நான் அதற்குள் மனதில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன், கையுறை இரண்டு ஜோடி, ஆன்டிபயாடிக் மாத்திரை கையோடு, மணிக்கட்டைச் சுற்றித் துணி, ஷெரினிடம் சொல்ல வேண்டியதில்லை, அவரிடம் எப்படிச் சொல்வது, இப்படிச் சொல்லலாம், இல்லை அப்படி. பதின்மூன்று புல்லின் பேரையும் படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்குகிறேன். பத்து நிமிஷம் இருக்கும். இந்தப் பதினான்கு மாதத்தில் அப்படிப் பத்து நிமிஷம் எனக்கு வரவில்லை. கடைக்குள் வந்து இடுப்புப் பட்டையைக் கழற்றுகிறேன். அங்கேதான். இடுப்பு விட்டதும் பதினோரு கிலோவும் தோளுக்கு ஏறுகிறது, வலது பட்டையை உருவினதும் மொத்தமும் இடது கைவழியாகச் சரிந்து முழங்கையில் ஒரு விநாடி தொங்குகிறது. ஒரே விநாடி. உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி, விரல் நுனிவரை ஊசி ஊசியாக. பாய் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறார். சரி, இடது பட்டையை முதலில் கழற்றலாம் என்று மறுபடி மாட்டிப் பார்க்கிறேன். அப்போது பை வலது தோளில் தொங்கிச் சுழன்று பின்னால் போகிறது, இடது கை எட்டிப் பிடிக்காவிட்டால் கேமரா தரையில். மூன்றாவது தடவை மண்டியிட்டு உட்கார்ந்து தரையில் சாய்த்துக் கழற்றப் பார்க்கிறேன், எழுந்திருக்கும்போது இடது கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. புல்லுக்காக ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றி மாட்டுவேன் என்று கணக்குப் போடுகிறேன். அறுபது இருக்கும். கழட்டிவிட மட்டும் ஒரு ஆள் கூடவே நின்னாப் போதுமுங்க்கா, மாட்டறதும் நடக்கறதும் நீங்களே பாத்துக்கறீங்க என்கிறார் பாய். சக்கரமும் பட்டையும் சேர்ந்த மாதிரி ஒன்று இருக்கிறது என்று அதையும் எடுத்துக் காட்டுகிறார், வெறும் பையே ஐந்து கிலோ கனக்கிறது, வேண்டாம் என்று அவரே திரும்ப வைத்துவிடுகிறார்.

ஒரு ஆள் கூடவே நின்றால் போதும். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை. தூக்குவதற்கு ஆள் இல்லை, முன்னால் ஓடுவதற்கு ஆள் இல்லை, பக்கத்திலேயே நடந்து, நில் என்றால் நின்று, பையை மட்டும் இறக்கிவிடுகிற ஒருத்தர். இருதயராஜ் சாரைக் கூப்பிடுகிறேன். மணி நாலேகால், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு. சார், திங்கட்கிழமைக்கு வர முடியும் என்று நினைக்கிறேன், ஒரே ஒரு உதவி வேண்டும் என்று ஆரம்பித்து, பட்டையைப் பற்றி, இடுப்பைப் பற்றி, அறுபது தடவையைப் பற்றி எல்லாம் சொல்லி முடிக்கிறேன். சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்க்கிறேன், இருக்கிறது.

"வசுமதி, நல்லமுத்து உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்கிறார் சார்.

என்ன சொல்லவில்லை என்று கேட்கிறேன். சார் சுற்றி வளைக்கத் தெரியாதவர். போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டாராம். இனிமேல் அவளால் மலைக்கு வர முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், அவளாகச் சொல்ல மாட்டாள், சங்கடப்படுவாள், அதனால் நான் சொல்கிறேன் என்றாராம். நான்தான் சொல்லச் சொல்லியிருக்கிறேன் என்று சார் நினைத்துவிட்டார். வனத்துறை அனுமதிக்குப் பேர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வியாழக்கிழமை. கௌதமன் என்று ஒருத்தர், பறவைப் படம் எடுக்கிறவர், அவர் பேரைக் கொடுத்தாயிற்று, என் பேர் பட்டியலில் இல்லை. இனி சேர்க்க முடியாதா என்று நான் கேட்கவில்லை, சாரே சொல்லிவிட்டார், முடியாதும்மா, கேட்டுப் பார்த்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா முடியாது. புத்தகத்தில் என் பேர்தான் முதலில் வரும், எழுபத்தொன்று சும்மா இல்லை என்கிறார். நல்லா இருக்கீங்களா, கை எப்படி இருக்கு என்கிறார். நல்லா இருக்கேன் சார் என்கிறேன். பறவை எடுக்கிறவருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள், மூச்சை அடக்கினால் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் படுக்கணும், உடம்பே தடுப்பு என்று சொல்கிறேன். எழுதிக்கொள்கிறேன் என்கிறார். பேனா தேடுகிற சத்தம் கேட்கிறது. அவர் உண்மையிலேயே எழுதிக்கொள்கிறார்.

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் எனக்குக் கை அமுக்கிவிட்டார், ஷெரின் காட்டிக்கொடுத்த மாதிரி, விரலிலிருந்து தோள்பக்கமாக, மெதுவாக. நான் அப்போது போவதா வேண்டாமா என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யோசிச்சு முடிவு பண்ணு வசு, அவசரம் ஒண்ணுமில்ல என்றார். அதற்குள் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்கிறார். புதன், வியாழன், வெள்ளி, நான் தராசில் வைத்து இறக்கி வைத்து ஏற்றி, எந்தத் தராசில், தட்டே இல்லாத தராசில். கோபம் வர வேண்டும். வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறேன், வரவில்லை. இருபத்தைந்து நாள் ரேடியேஷனுக்கு என்னைக் கூட்டிப்போய் வாசலில் நின்ற மனுஷர் மீது எந்த மூலையிலிருந்து கோபத்தை எடுப்பது. பயந்துவிட்டார். நாலு நாள் நாற்காலியில் உட்கார்ந்து என்னுடைய மூச்சைக் கேட்டுக் கேட்டு, அவர் எதையோ கேட்டுவிட்டார், எங்கே கோளாறு என்று, எனக்குச் சொல்லாததை. அவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக எல்லாரும் என்னைச் சுற்றி மெதுவாக நடக்கிறார்கள், என் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், முதலில் தண்ணீர்க் குடம், அப்புறம் கேஸ் சிலிண்டர், அப்புறம் பை, இப்போது மலை. எல்லாம் பாரம்தான், எல்லாவற்றையும் அன்பாகத்தான் வாங்குகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு எதையாவது இறுகப் பிடிக்கிற கை வேண்டும். யூனுஸ் பாய் கல்லாவுக்குப் பின்னால் போய் ஏதோ பேப்பரைப் புரட்டுகிறார், கேட்காத மாதிரி. சக்கரம் வெச்சதே குடுங்க பாய் என்கிறேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவர் முதுகுப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறார். பஞ்சுத் தடுப்பை நகர்த்தி ஒவ்வொரு லென்ஸுக்கும் அளவாக இடம் செய்கிறார். பழைய பையின் அடிப் பாக்கெட்டிலிருந்து இரண்டு நீளக் காலுறைகள் வருகின்றன, முழங்கால்வரை, அட்டை கடிக்காமல் இருக்கக் காடா துணியில் தைத்தது, ரத்தக் கறை காய்ந்து கிடக்கிறது. இது இதுல வேண்டாமுங்களே என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்கிறேன். எங்கே போடுவது என்று தெரியாமல் மடித்து மேஜை ஓரத்தில் வைக்கிறார். நான் அதை எடுக்கவில்லை.

ஐந்துக்குச் சரியாக அவர் வந்துவிடுகிறார். பெட்டியைப் பார்த்ததும் அவர் தோள் கொஞ்சம் இறங்குகிறது, நெடுநேரமாக எதையோ தூக்கி நின்றவர் கீழே வைத்த மாதிரி. கைப்பிடியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்க்கிறார். சக்கரத்தைச் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்கிறார், நல்ல பேரிங் என்கிறார். படியில் சக்கரம் போகாது. இரண்டு மாடியும் அவரே தூக்கிக்கொண்டு இறங்குகிறார், நான் பின்னால். காரில் பின் சீட்டில் பெட்டியை வைத்து அதற்கும் பெல்ட் போட்டுவிடுகிறார். நூறடி ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்கிறது. அவர் எதையோ சொல்லப் போகிறார், எனக்குத் தெரியும், சொல்வதற்கு முன்னால் ஸ்டியரிங்கைக் கட்டை விரலால் தட்டுவார். என்ன சொல்லப் போகிறார் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிடப் போகிறார். சொல்லட்டும், சொன்னால் அழலாம், இரண்டு பேரும் இந்த நெரிசலில் உட்கார்ந்து அழலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். சிக்னலில் வண்டி நிற்கிறது. அவர் முன்னால் இருக்கிற பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

"திங்கக்கிழமை விஷயத்த நீ சார்கிட்டச் சொல்லச் சங்கடப்படுவே. நான் வேணாப் பேசட்டுமா வசு?"

கழுத்தோரம் அவருக்கு வேர்த்திருக்கிறது, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். இதை எத்தனை நாளாக ஒத்திகை பார்த்தாரோ, ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த முகம் உடைந்துவிடும், உடைந்ததை அப்புறம் யார் தூக்குவது. எனக்கு நாலு கிலோவுக்கு மேல் கூடாது.

"பேசுங்க" என்கிறேன். "பக்குவமாச் சொல்லுங்க. அவரு வருத்தப்படாத மாதிரி."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். காலைல கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்கிறார். பச்சை விழுகிறது. அவர் கியரை மாற்றிவிட்டு, மடியில் கிடக்கிற என்னுடைய இடது கையை எட்டிப் பிடித்து, வீங்கினது வலிக்காமல் இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார்.